வாங்குகிறவர் தலைகுனியாத ஈகை

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது உலகெங்கும் தேவாலயங்கள் உதவிப் பொருட்களைச் சேர்க்கத் தொடங்குகின்றன. உணவும் துணிமணியும் பணமும் குவிகின்றன. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஆனால் கிறிஸ்தவ ஒழுக்கச் சிந்தனை ஈகையைப் பற்றி என்னதான் சொல்கிறது என்று கேட்டால், 'இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும்' என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி போதாது. இயேசுவின் பிறப்பைச் சுற்றியுள்ள கதைகளைப் பொறுமையாக வாசித்தால், கொடுத்த பொருளைவிட அதை வாங்கியவரின் மானத்தைப் பற்றிய அக்கறையே அவற்றில் மேலோங்கி நிற்பது தெரியும். புதிதாக இதை அறிய விரும்புகிறவர்களுக்காக அந்தக் கதைகளில் சிலவற்றையும், அவற்றின் பின்னால் இருக்கும் கருத்தையும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் அடிப்படை. கிறிஸ்தவ மரபில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று பண்புகள் இறைவனை நோக்கியவையாகச் சொல்லப்படுகின்றன. விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்ற நான்கும் மனித வாழ்வுக்கு அச்சாணியான பண்புகள். ஈகை என்பது இந்தப் பட்டியலில் தனியாக வருவதில்லை. அது அன்பின் வெளிப்பாடு. கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில் தொடக்ககாலத் திருத்தூதரான பவுல் சொல்வது புதிதாக வாசிக்கும் எவரையும் திடுக்கிட வைக்கும்: தனக்குள்ள எல்லாவற்றையும் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டாலும், அன்பு இல்லையென்றால் அதனால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்கிறார். அப்படியானால் சொத்து முழுவதையும் கொடுத்த பிறகும் ஒருவரிடம் அன்பு இல்லாமல் இருக்கக்கூடும். கொடுத்தலும் அன்பும் ஒன்றல்ல என்பதைப் பவுலே ஒப்புக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு என்ன? அதைத்தான் பிறப்புக் கதைகள் காட்டுகின்றன.

இயேசுவின் பிறப்பை விவரிப்பவை நான்கு நற்செய்தி நூல்களில் இரண்டு மட்டுமே: மத்தேயுவும் லூக்காவும். நம் மனத்தில் பதிந்திருக்கும் குடில் காட்சியில் உள்ள பலவும் அந்த நூல்களில் இல்லை. மாடும் கழுதையும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்றாக இருந்ததால் ஆட்களும் மூவர் என்று பிற்கால மரபு எண்ணிக்கொண்டது. இவை அழகான சேர்க்கைகள்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவற்றின் ஒளியில் நூலில் உண்மையாகவே இருக்கும் ஒருவர் மங்கிப்போய்விடுகிறார். அவர் யோசேப்பு.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வம்சவரலாறு முடிந்ததும் கதை ஒரு குடும்பச் சிக்கலோடு தொடங்குகிறது. மரியாள் யோசேப்புக்கு நியமிக்கப்பட்டவள். அவர்கள் கூடி வாழ்வதற்கு முன்பே அவள் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. அக்கால யூத வழக்கில் மண ஒப்பந்தம் வெறும் பேச்சுவார்த்தை அல்ல. சட்டப்படி அது திருமணப் பிணைப்பே. அதை முறிக்க மணவிலக்கு வேண்டும். அந்த நிலையில் உள்ள ஒரு பெண் வேறொருவரால் கருவுற்றால் யூதச் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமம் விதிக்கும் தண்டனை மிகக் கடுமையானது. யோசேப்பு நினைத்திருந்தால் ஊரைக் கூட்டியிருக்கலாம். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே நேர்வழியாகவும் இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. நீதிமானாக இருந்ததால் அவளை அவமானப்படுத்த மனமில்லாமல், யாருக்கும் தெரியாமல் விலக்கிவிட எண்ணினார் என்கிறது நூல்.

இங்கே கவனிக்க வேண்டியது நேர வரிசை. கனவில் தேவதூதன் தோன்றி உண்மையைச் சொல்வது இதற்குப் பிறகுதான். இந்த முடிவை எடுத்தபோது, தான் ஏமாற்றப்பட்டதாகவே யோசேப்பு நம்பியிருக்க வேண்டும். தனக்குத் தீங்கு செய்ததாகத் தான் நினைத்த ஒரு பெண்ணின் மானத்தை அவர் காத்தார். தெய்வீகக் கட்டளை எதுவும் வருவதற்கு முன்பு, தன் இயல்பிலிருந்தே செய்தார். அதைத்தான் மத்தேயு நீதி என்கிறார். கிறிஸ்துமஸ் கதையின் முதல் அறச்செயல் இதுவே என்பது என் எண்ணம். காணிக்கை கொண்டுவந்த ஞானிகள் வருவதற்கு வெகு முன்னரே, ஒரு பொருளும் கைமாறாமல் ஒரு கொடை நடந்துவிட்டது. யோசேப்பு பேசிய ஒரு சொல்கூட நான்கு நற்செய்தி நூல்களிலும் பதிவாகவில்லை. அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதிலிருந்தே அவரை நாம் அறிகிறோம்.

மத்தேயு தரும் வம்சவரலாற்றுக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும். பெயர்களின் நீண்ட வரிசை என்று பலரும் தாண்டிச் செல்லும் பகுதி அது. அதில் ரூத் என்ற மோவாபியப் பெண்ணின் பெயர் இருக்கிறது. இயேசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், அதே பெத்லகேமில் நடந்த கதை அவளுடையது. பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போன ஒரு குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் இறந்துபோகிறார்கள். விதவையான மாமியார் நகோமி ஊர் திரும்புகிறாள். விதவை மருமகள் ரூத்தும் அவளை விட்டுப் பிரியாமல் கூடவே வருகிறாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருந்த நேரம். கையில் ஒன்றும் இல்லாத அயல்நாட்டுப் பெண் அவள்.

இன்னொரு யூதச் சட்ட நூலான லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. அறுக்கும்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது, அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். நிலக்காரர் வாசலில் நின்று யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. தன் பங்கைத் தன் உழைப்பால், உரிமையோடு வந்து எடுத்துக்கொள்ளலாம். ரூத் அப்படித்தான் போவாஸ் என்பவரின் வயலுக்கு வருகிறாள்.

போவாஸ் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. அவளிடம் தவறாக நடக்கக்கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளையிட்டார். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டுவைத்த தண்ணீரையே அவளும் குடிக்கலாம் என்றார். உணவு வேளையில் அறுவடைக்காரர்கள் நடுவே உட்காரவைத்தார். அவள் எழுந்து மறுபடி கதிர் பொறுக்கப் போனதும் ஆட்களிடம் இன்னொன்று சொன்னார்: கட்டுகளிலிருந்து கொஞ்சம் கதிரை உருவி, அவள் பொறுக்கும்படி விட்டுவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள். அவருக்கு ஒரு மூட்டை தானியத்தைத் தூக்கிக் கொடுப்பது எளிது. ஆனால் மூட்டையைக் கொடுத்திருந்தால் ரூத் அன்று மாலை பிச்சை வாங்கியவளாக வீடு திரும்பியிருப்பாள். உருவிப்போட்ட கதிர் அவளை உழைத்தவளாகவே வீட்டுக்கு அனுப்பியது. மாலையில் தட்டிப் புடைத்தபோது ஏறக்குறைய ஒரு எப்பா அளவு, அதாவது 20 லிட்டருக்கும் மேல், வாற்கோதுமை இருந்தது. இன்று எங்கே கதிர் பொறுக்கினாய் என்று நகோமி கேட்கிறாள். போவாஸ் பின்னர் ரூத்தை மணக்கிறார். அவர்களுடைய கொள்ளுப்பேரன்தான் தாவீது அரசர். அந்த வழியில்தான் யோசேப்பு வருகிறார் என்கிறார் மத்தேயு. ஒரு பெண்ணின் மானத்தைக் காத்த யோசேப்பின் முன்னோர் வரிசையில், இன்னொரு பெண்ணின் மானத்தைக் காத்த போவாஸ் இருப்பது எனக்கு எப்போதும் மனநிறைவைத் தருகிறது.

மூன்றாவது கதை பைபிளில் இல்லை. இன்றைய கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலமாகக் கருதப்படும் புனித நிக்கோலஸ், 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் பிஷப்பாக இருந்தவர். அந்த ஊர் இன்றைய துருக்கியின் தென்கரையில் இருக்கிறது. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளில் புகழ்பெற்றது இது. வசதியாக வாழ்ந்து நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று மகள்கள். மணமுடித்துக் கொடுக்க வழியில்லை. பெண்களின் வாழ்க்கையே சீரழிந்துபோகும் நிலை. செய்தி அறிந்த நிக்கோலஸ் இரவில் அந்த வீட்டுச் சன்னல் வழியாக ஒரு பொன்முடிப்பை எறிந்துவிட்டுப் போகிறார். மூத்தவளுக்குத் திருமணம் நடக்கிறது. இரண்டாவது மகளுக்கும் அப்படியே. மூன்றாவது முறை தந்தை விழித்திருந்து, ஓடிப்போய் அவரைப் பிடித்துவிடுகிறார். தான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிக்கோலஸ் அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார்.

இது கதையா வரலாறா என்று யாரும் அறுதியிட முடியாது. ஆனால் கிறிஸ்தவ சமூகம் தனது மிகப் பிரியமான கொடையாளியை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கு இதுவே சான்று. நொடித்துப்போன குடும்பத்துக்கு வறுமையைவிட வெட்கமே பெரிய சுமை. பகலில் வந்து கதவைத் தட்டிக் கொடுத்திருந்தால், அந்த மூன்று பெண்களும் காலம் முழுவதும் 'நிக்கோலஸ் புண்ணியத்தில் கரையேறியவர்கள்' என்ற பெயரோடு வாழ்ந்திருப்பார்கள். இருட்டு அவர்களைக் காத்தது.

'வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அது இயேசுவின் மலைப்பொழிவில், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வருவது. பொதுவாக அதைக் கொடுப்பவரின் தற்பெருமைக்கு எதிரான எச்சரிக்கையாகவே விளக்குகிறார்கள். அது சரிதான். அந்த அதிகாரமே மனிதர் காணவேண்டும் என்று தர்மம் செய்வதைக் கண்டித்துத்தான் தொடங்குகிறது. ஆனால் நிக்கோலஸின் கதையோடு சேர்த்துப் படித்தால் அதே அறிவுரைக்கு இன்னொரு பயன் இருப்பது தெரிகிறது. மறைவான ஈகையில் கொடுத்தவரின் பெயர் மறைகிறது. கூடவே வாங்கியவரின் பெயரும் மறைகிறது.

இதை வைத்து இன்றைய வழக்கம் ஒன்றைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். உதவி வழங்கும் விழாக்களில் ஒரு பொட்டலத்தின் ஒரு முனையைக் கொடுப்பவர் பிடித்திருப்பார், மறுமுனையை வாங்குபவர் பிடித்திருப்பார். புகைப்படம் எடுத்து முடியும்வரை இருவரும் அப்படியே நிற்க வேண்டும். கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார். வாங்குபவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. சில நேரம் அவருக்குப் பக்கத்தில் பள்ளிக்குப் போகும் வயதில் அவருடைய பிள்ளையும் நிற்கும். நாளை அந்தப் படத்தை வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் பெயரால் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பொட்டலத்துக்கு அந்தக் குடும்பம் தன் மானத்தை விலையாகக் கொடுத்துவிடுகிறது.

உடனே ஒரு சந்தேகம் எழும். அதே மலைப்பொழிவில், அதற்கு முந்தைய அதிகாரத்தில், உங்கள் நற்செயல்களை மனிதர் கண்டு தந்தையைப் போற்றும்படி உங்கள் ஒளி பிரகாசிக்கட்டும் என்றும் இயேசு சொல்கிறாரே? நன்கொடை வாங்கும் அமைப்பு தன் பணிகளைக் காட்டவேண்டாமா? காட்டத்தான் வேண்டும். பிறர் பணத்தைக் கையாளுகிறவர்கள் வரவு செலவை வெளிப்படையாக வைப்பது நீதியின் கடமை. எத்தனை குடும்பங்களுக்கு என்ன செய்யப்பட்டது, எவ்வளவு செலவானது என்று கணக்குக் காட்டலாம். அதற்கு ஒரு விதவையின் முகம் தேவையில்லை.

நீதி என்ற பேச்சு வந்துவிட்டது. கிறிஸ்தவ மரபில் ஈகை எங்கே முடிகிறது, நீதி எங்கே தொடங்குகிறது என்பது புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவின் செசரியா நகரில் பெரும் பஞ்சம் வந்தபோது, அங்கே மூப்பராக இருந்த பசிலியார் செல்வர்களை நோக்கிப் பிரசங்கித்தார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் ஆடை உடையில்லாதவனுடையது என்ற கருத்து அவருடையது. திருத்தந்தையான பெரிய கிரகோரியார், ஏழைகளுக்கு அவசியமானதைக் கொடுக்கும்போது நாம் நம்முடையதைத் தருவதில்லை, அவர்களுடையதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று எழுதினார். அதாவது அது கடன். கடனைத் திருப்பித் தருகிறவர் நன்றியை எதிர்பார்த்து நிற்பதில்லை, பின்னாளில் அதைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. பசிலியார் பின்னர் பிஷப்பாகி நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரிய இல்லங்களைக் கட்டினார். தொழுநோயாளிகளை அவர் சகோதரர்களாகத் தழுவி வரவேற்றதை அவருடைய நண்பரான நாசியான்சு கிரகோரியார் இரங்கல் உரையில் சொல்லியிருக்கிறார். கட்டடங்களோடு அந்தத் தழுவலையும் குறிப்பிட வேண்டும் என்று நண்பருக்குத் தோன்றியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளான டிசம்பர் 26 மேற்கத்திய திருச்சபைகளில் ஸ்தேவானின் நினைவுநாள். கிறிஸ்தவத்தின் முதல் இரத்தசாட்சி என்று அவரை அறிவோம். அவர் எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தபோது, கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப்போவதாக முறுமுறுப்பு எழுந்தது. பந்தி விசாரிப்பதற்கென்று ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்களை எடுத்துக்கொண்டார்கள் என்று இதைப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. வாங்குகிறவர்கள் குறை சொன்னபோது, 'கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு' என்று யாரும் சொல்லவில்லை. முறையைத் திருத்தினார்கள்.

இதுவரை சொன்னவை பெரிய நிகழ்ச்சிகள். அன்றாட வாழ்க்கைக்கு இவற்றால் என்ன பயன்? நற்பண்பு என்பதை 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மனத்தில் வேரூன்றிய பழக்கமாக விளக்கினார். அன்பு முழுக்க முழுக்க இறைவன் அருளும் கொடை என்றே அவர் கருதினார். ஆனாலும் அது ஒருமுறை பொங்கி அடங்கும் உணர்ச்சி இல்லை, ஒருவரிடம் நிலைத்துநின்று வளரக்கூடியது என்றார். யோசேப்பின் முடிவை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். மனம் நொறுங்கிய நேரத்தில் திடீரென்று ஒருவருக்குப் பெருந்தன்மை வந்துவிடாது. அதற்கு முன் எத்தனையோ சின்னச் சின்னச் சந்தர்ப்பங்களில், பிறர் குறையை ஊருக்குச் சொல்லாமல் விட்டுப் பழகியிருந்தால்தான் அன்றைக்கு அது கைகொடுத்திருக்கும்.

அந்தச் சின்னச் சந்தர்ப்பங்கள் எல்லாருக்கும் வருகின்றன. வேலை செய்தவருக்குக் கூலியைப் பேசியபடி, கேட்க வைக்காமல், அன்றைக்கே கொடுப்பது அவற்றில் ஒன்று. கூலியை மறுநாள்வரை வைத்திருக்கக்கூடாது என்று, கதிர் பொறுக்கும் சட்டம் வரும் அதே லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. கடன் வாங்கியவரை நாலு பேர் நடுவில் நினைவூட்டாமல் இருப்பது இன்னொன்று. பழைய துணி கொடுப்பதென்றால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுப்பது. உதவி கேட்டு வந்தவரிடம் அவர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்று குறுக்கு விசாரணை நடத்தாமல் இருப்பது. காதுக்கு வந்த ஒரு குடும்ப விஷயத்தை நம்மோடு நிறுத்திக்கொள்வது. இவற்றில் பலவற்றுக்குப் பணமே தேவையில்லை. கிறிஸ்தவ அர்த்தத்தில் இவை எல்லாமே ஈகையைச் சேர்ந்தவை. கையில் காசில்லாதவரும் இந்தப் பண்பில் செழித்திருக்கலாம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சி வருகிறது. நான் பசியாயிருந்தேன், உணவு கொடுத்தீர்கள், அந்நியனாயிருந்தேன், ஏற்றுக்கொண்டீர்கள் என்று அரசராக வீற்றிருக்கும் கிறிஸ்து சொல்லும்போது நீதிமான்கள் குழம்பிப்போகிறார்கள். நாங்கள் எப்போது உம்மைப் பசித்தவராகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். பழக்கமாகிவிட்ட நன்மையை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் இங்கே இருக்கிறது. அரசர் தன்னைக் கொடுத்தவர்களின் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளவில்லை. வாங்கியவர்களில் ஒருவராக நிறுத்திக்கொள்கிறார்.

ஈகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடும் பகுதி இதுதான்: வாங்குவதும் ஒரு பண்பு. குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது பெற்றோர் செலுத்தியது ஒரு சோடிப் புறாக்கள் என்கிறார் லூக்கா. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. அந்த ஏழைக் குடும்பம் ஞானிகளின் பொன்னை மறுக்கவில்லை, அதற்காகக் கூனிக் குறுகியதாகவும் நூலில் இல்லை. வளர்ந்த பிறகு இயேசுவும் சீடர்களும் ஊர் ஊராகச் சென்றபோது, மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்று லூக்கா 8ஆம் அதிகாரம் பெயர்களோடு குறிப்பிடுகிறது. பிறரிடமிருந்து ஒருபோதும் எதையும் ஏற்காதவர், தான் கொடுக்கும்போது எதிரில் இருப்பவரின் கூச்சத்தை உணர்வது கடினம். அதனால் இந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் யாராவது உங்களுக்கு ஒரு உதவி செய்ய முன்வந்தால், 'எதற்கு உங்களுக்குச் சிரமம்' என்று மறுக்காமல், உடனே பதிலுக்கு எதையாவது தேடாமல், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு பாருங்கள்.